எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்ட கணிதவியலாளர்: டேவிட் கோல்ட்டன், ஒரு நிகழ்வு ஆய்வு

1996-இல் 'இன்வர்ஸ் பிராப்ளம்ஸ்' ஆய்விதழில் 11 பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கோல்ட்டனும் ஜெர்மானியக் கணிதவியலாளர் ஆண்ட்ரியாஸ் கிர்ஷும். சிதறிவரும் அலையை வைத்து, அதைச் சிதறடித்த பொருளின் உருவத்தைக் கண்டுபிடிக்க எளிய முறை ஒன்று இருக்கிறது என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அப்போது கோல்ட்டனுக்கு வயது 53. முனைவர் பட்டம் வாங்கி 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தத் துறையின் அடிப்படைப் பாடநூலாக இன்றும் இருக்கிற புத்தகத்தை, ரைனர் கிரெஸ் என்ற கோட்டிங்கன் கணிதவியலாளரோடு சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வெளியிட்டிருந்தார். துறையின் பாடநூலை எழுதிய கையோடு, அதன் முதல் பதிப்பில் இல்லாத ஒரு வழியை அவரே திறந்தார்.

இந்த ஆய்வு அந்த ஒரு திருப்பத்தைப் பற்றியது. அதற்கு முன்னால் அவருக்கு என்னென்ன கைவரவேண்டியிருந்தது, அந்த முறைக்குள் இருந்த ஓட்டை என்ன, அந்த ஓட்டையே பிற்பாடு எப்படி ஒரு தனி ஆய்வுத்துறை ஆனது என்று பார்க்கலாம். கணிதவியலாளர்களைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் மேதைமை, விருது என்று போய்விடுகிறோம். எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று அவர்கள் எடுக்கிற முடிவுகளைப் பற்றிப் பேசுவது குறைவு. கோல்ட்டனின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முடிவுகள்தான்.

கணக்கு என்ன?

ஒரு பொருளின் மேல் அலை ஒன்றைச் செலுத்துகிறோம். ஒலியாக இருக்கலாம், ராடார் அலையாக இருக்கலாம், மைக்ரோவேவாக இருக்கலாம். அலை பொருளின்மேல் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது. பொருளின் உருவமும் அதன் உட்பண்பும் தெரிந்தால், எந்தத் திசையில் எவ்வளவு சிதறும் என்று கணக்கிட்டுவிடலாம். இது நேர்க் கணக்கு. சிதறிய அலையைத் தூரத்தில் நின்று அளந்துவிட்டு, 'அங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்பது நேர்மாறு கணக்கு.

கிணற்றுக்குள் குரல் கொடுத்து, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து நீர்மட்டத்தின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். சுவரில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று அதே எதிரொலியை வைத்துச் சொல்ல முடியுமா? இரண்டாம் உலகப் போரில் ராடார் வந்தபோது முதல் கேள்விக்கு விடை கிடைத்தது: விமானம் வருகிறது, இத்தனை மைலில் வருகிறது. இரண்டாவது கேள்வியோடுதான் கணிதவியலாளர்கள் அப்போதிலிருந்து மல்லுக்கட்டுகிறார்கள்.

ஒரே அதிர்வெண்ணில் அதிரும் அலைக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு போதும். அதில் k என்று ஓர் எண் வரும். 2π-ஐ அலைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது அது. பொருளிலிருந்து வெகுதூரம் போனபின், சிதறிய அலை எந்தத் திசையில் எவ்வளவு வலுவாக, ஏற்றஇறக்கத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற தகவல் மட்டும் மிஞ்சும். அதைத் தூரப்புலம் என்று வைத்துக்கொள்வோம். நம் கையில் இருக்கிற தரவு இதுதான்.

சிரமம் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, பொருளுக்கும் தூரப்புலத்துக்கும் உள்ள தொடர்பு நேரியல் கிடையாது. பொருளை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் தூரப்புலம் இரண்டு மடங்காவதில்லை. இரண்டு பொருள்கள் பக்கத்தில் இருந்தால் அலை அவற்றுக்கிடையே முன்னும் பின்னும் பட்டுத் திரும்பும். தனித்தனிச் சிதறல்களைக் கூட்டினால் விடை வராது.

இரண்டாவது சிரமம் இன்னும் ஆழமானது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹடமார்டு, ஒரு கணக்கு ஒழுங்கானது என்று சொல்ல மூன்று நிபந்தனை வைத்தார்: விடை இருக்கவேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும், தரவில் சிறு பிழை நேர்ந்தால் விடையிலும் சிறு பிழைதான் நேரவேண்டும். நேர்மாறு சிதறல் கணக்கு மூன்றாவதில் மோசமாகத் தோற்கிறது. எவ்வளவு மோசம் என்பதற்கு ஓர் எண் சொல்கிறேன். R ஆரமுள்ள பந்துக்குள் அடங்கிய மூலத்திலிருந்து வரும் அலையைக் கோளக்கூறுகளாகப் பிரித்தால், n-ஆம் கூறின் அளவைக் கோள பெசல் சார்பு என்ற கணிதச் சார்பு ஒன்று கட்டுப்படுத்துகிறது. kR என்பது 6 என்றும், 20-ஆம் கூறு வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சார்பின் மதிப்பு நூறு கோடியில் ஒரு பங்கைவிடவும் சிறியது. பொருளின் நுணுக்கமான விவரங்கள் அந்த உயர்ந்த கூறுகளில்தான் ஒளிந்திருக்கின்றன. எந்த அளவுகருவியின் இரைச்சலிலும் அது மூழ்கிப்போகும். கணினி வேகத்தைக் கூட்டினால் தீருகிற பிரச்சினை இல்லை இது; தகவலே வந்துசேரவில்லை.

1990-களின் நடுவில் இதற்கு இரண்டு வகை மருந்து இருந்தது. ஒன்று, தோராயம். பொருள் மிக மெலிதாகச் சிதறடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் போர்ன் தோராயம் கைகொடுக்கும். அலைநீளம் பொருளைவிட மிகச் சிறியது என்றால் வடிவஇயல் ஒளியியல் கைகொடுக்கும். மற்றது, நேரியலற்ற தேடல். ஒரு உருவத்தை ஊகித்து, அதன் தூரப்புலத்தைக் கணக்கிட்டு, அளந்ததோடு ஒப்பிட்டு, உருவத்தைத் திருத்தி, மறுபடி கணக்கிடுவது. இதற்கு முன்கூட்டியே நிறையத் தெரிந்திருக்கவேண்டும். அங்கே ஒரு பொருளா, இரண்டா? அலை உள்ளே புகுமா, மேற்பரப்பிலேயே தெறிக்குமா? இவை தெரியாமல் முதல் ஊகத்தையே வைக்க முடியாது. அலைநீளமும் பொருளின் அளவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் ஒத்ததிர்வுப் பகுதியில் தோராயமும் செல்லாது, தேடலும் அடிக்கடி தவறான பள்ளத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

எடின்பரோவிலிருந்து டெலவேர் வரை

கோல்ட்டன் 1943-இல் பிறந்தவர். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் 1964-இல் இளநிலைப் பட்டம், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1967-இல் முனைவர் பட்டம். அவருடைய ஆசான் ஆர்தர் எர்டேயி. அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஹங்கேரியில் பிறந்த எர்டேயி, நாஜிகளிடமிருந்து தப்பி 1939-இல் எடின்பரோவில் அடைக்கலம் புகுந்தவர். போருக்குப் பிறகு கால்டெக் போய், ஹாரி பேட்மன் விட்டுச்சென்ற குறிப்புகளின் அடிப்படையில் சிறப்புச் சார்புகளின் பெருந்தொகுப்பை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1964-இல் எடின்பரோவுக்கே திரும்பினார். பெசல் சார்புகளையும் தொகையீடுகளையும் கைவிரலில் வைத்திருந்த அந்தப் பள்ளியில்தான் கோல்ட்டன் உருவானார். சிதறல் கோட்பாட்டில் நுழையும்போது இது எவ்வளவு பெரிய மூலதனம் என்பது அந்தத் துறைக் கட்டுரை ஒன்றைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

அடுத்து இண்டியானா பல்கலைக்கழகம். அங்கே அவர் செய்தது பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளின் விடைகளைத் தொகையீட்டுச் செயலிகள் (ஒரு சார்பைத் தொகையிட்டு இன்னொரு சார்பாக மாற்றும் கருவிகள்) வழியாக உருவாக்கும் வேலை. பெர்க்மன், வெக்குவா ஆகியோர் தொடங்கிவைத்த மரபு. இன்றைக்கு அந்த மரபை நினைப்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு செயலி எந்தெந்தச் சார்புகளை உருவாக்கும், அவை மற்றச் சார்புகளை எவ்வளவு நெருங்கும் என்ற கேள்வியோடேயே பல ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். முப்பதாண்டு கழித்து அதே கேள்விதான் அவர் முறையின் முதுகெலும்பாக நிற்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடில் பேராசிரியர். 1978-இல் டெலவேர். அதன்பின் இடம் மாறவில்லை.

டெலவேரில் ராடார் சிதறலில் ஊறிய ரால்ஃப் கிளைன்மன் ஏற்கெனவே இருந்தார். அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சி அலுவலகம் இந்த வகைக் கணிதத்துக்குத் தொடர்ந்து நிதி கொடுத்தது. எதிரி விமானமா, தன் விமானமா என்று அலையை வைத்தே சொல்லவேண்டிய தேவை அவர்களுக்கு. அந்தப் பணத்தில் மலர்ந்த கணிதம் பிற்பாடு மருத்துவப் படமெடுப்புக்கும் பொருள்களின் பழுது கண்டறிதலுக்கும் போனது. அறிவியல் வரலாற்றில் இது வழக்கமாக நடப்பதுதான். அதற்காகப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

1983-இல் கிரெஸ்ஸோடு முதல் புத்தகம்; சிதறல் கோட்பாட்டில் தொகையீட்டுச் சமன்பாட்டு முறைகள் பற்றியது. 1992-இல் இரண்டாவது, நேர்மாறு ஒலி, மின்காந்தச் சிதறல் பற்றியது. இது 1998, 2013, 2019 என்று அடுத்தடுத்த பதிப்புகள் கண்டது. நம் ஊர் எம்.எஸ்சி. கணிதத்தில் தொகையீட்டுச் சமன்பாடுகள் படித்தவர்களுக்கு பிரெட்ஹோமின் இரண்டாம் வகைச் சமன்பாடு, அதாவது தேடும் சார்பு தொகையீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வருவது, நன்கு பழக்கம். அது உள்ளே மட்டுமே வரும் முதல் வகையைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுவோம். முதல் வகைச் சமன்பாடுகளோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதற்கு இந்தப் புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

1983-இலேயே இன்னொன்றும் நடந்தது. கோல்ட்டனும் பிரையன் ஸ்லீமனும் ஒரு கேள்வி கேட்டார்கள்: அலை உள்ளே புகாத, மேற்பரப்பில் ஒலியழுத்தம் பூஜ்யமாகிவிடும் ஒரு தடையை அடையாளம் காண எத்தனை திசைகளிலிருந்து அலை அனுப்பவேண்டும்? எண்ணற்ற திசைகளிலிருந்து அனுப்பினால் உருவம் ஒருமையாகத் தீர்மானமாகிவிடும் என்று மெனஹெம் ஷிஃபர் அதற்கு முன்பே காட்டியிருந்தார். கோல்ட்டனும் ஸ்லீமனும், தடை R ஆரமுள்ள பந்துக்குள் அடங்கியது என்று முன்பே தெரிந்து, kR என்பது π-ஐவிடக் குறைவாக இருந்தால் ஒரே ஒரு அலை போதும் என்றார்கள். அதாவது பந்தின் விட்டம் ஒரு அலைநீளத்துக்குள் இருக்கவேண்டும். காற்றில் 340 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகவே ஒரு மீட்டர் விட்டத்துக்குள் அடங்கும் தடையை ஒரே அலையின் தூரப்புலம் தீர்மானித்துவிடும். 2005-இல் ட்ரொசோஸ் கிண்டிடிஸ் அந்த π-ஐ ஏறக்குறைய 4.49 வரை உயர்த்தினார்.

கேள்வியைச் சுருக்கிய கதை

1980-களின் நடுவிலிருந்து கோல்ட்டன், டெலவேரில் எண்முறைக் கணிப்பில் தேர்ந்த பீட்டர் மங்க்கோடு சேர்ந்து வேலை செய்தார். அவர்கள் உருவாக்கிய இரட்டைவெளி முறையில், நேரியலற்ற கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள். ஒழுங்கற்ற தன்மை முழுவதையும் ஒரு நேரியல் சமன்பாட்டுக்குள் அடைத்துவிட்டு, மிச்சத்தைத் தேடலாகச் செய்வது. அந்த நேரியல் பகுதியை நினைவில் வையுங்கள், அதுதான் திரும்ப வரும்.

1994-இல் இருந்து இருவரும் ஒரு மருத்துவக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜையின் மின்பண்பு மாறினால், தொடைப் பகுதியில் மைக்ரோவேவ் செலுத்தி அந்த மாற்றத்தைக் காண முடியுமா? கட்டுரைகளில் இருந்தது கணினியில் உருவாக்கிய தரவு. கணிதச் சாத்தியத்தைச் சோதிப்பதே நோக்கம். தொடையில் தசை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒளிவிலகல் எண்ணைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மருத்துவருக்கு அத்தனையும் வேண்டுமா? மஜ்ஜையில் கோளாறு இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பங்கு வேலை முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கோடு போராடிய ஆண்டுகள்தான் கோல்ட்டனை 'எல்லாவற்றையும் கேட்காதே' என்ற இடத்துக்குத் தள்ளின என்பது என் கணிப்பு. 1998-இல் அதே ரத்தப் புற்றுநோய்க் கணக்குக்கு அவரும் மங்க்கும் புது முறையையே பயன்படுத்தினார்கள் என்பது இதற்குப் பொருந்திவருகிறது.

அந்தப் புது முறைதான் 1996 கட்டுரையில் வந்தது. நேரியல் மாதிரிப்புள்ளி முறை என்று சொல்லலாம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

எல்லாத் திசைகளிலிருந்தும் தட்டையலை (ஒரே திசையில் நேராகப் போகும் அலை) அனுப்பி, எல்லாத் திசைகளிலும் தூரப்புலத்தை அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தட்டையலைகளை வெவ்வேறு எடை கொடுத்துக் கூட்டி ஒரு புது அலை செய்யலாம். எடைகளின் தொகுப்புக்கு g என்று பெயர். பொருளுக்கும் தூரப்புலத்துக்கும் உள்ள தொடர்பு நேரியலற்றதாக இருந்தாலும், அனுப்புகிற அலைக்கும் சிதறுகிற அலைக்கும் உள்ள தொடர்பு நேரியல்தான். ஆகவே கலவை அலைக்கு என்ன தூரப்புலம் வரும் என்று அளவீட்டை மறுபடி செய்யாமலேயே தெரியும். அதே எடைகளால் கூட்டினால் போதும்.

இப்போது பொருளுக்கு உள்ளேயோ வெளியேயோ ஏதாவது ஒரு புள்ளி z-ஐ எடுங்கள். அந்தப் புள்ளியில் ஒரு சின்ன ஒலிமூலம் இருந்தால் அதன் தூரப்புலம் என்ன என்பது பாடநூலில் உள்ள ஒற்றை வரிச் சூத்திரம். கேள்வி இது: என் தட்டையலைகளைக் கலந்து, சிதறிய அலை z-இல் இருக்கும் ஒலிமூலத்திலிருந்து வந்தது போலவே தோன்றும்படி செய்ய முடியுமா?

z பொருளுக்குள்ளே இருந்தால் தடையில்லை. ஒலிமூலத்தின் அலையின் மதிப்பு z-இல் மட்டும்தான் அளவில்லாமல் பெரிதாகி முடிவிலிக்குப் போகிறது. z உள்ளே இருப்பதால் வெளியே இருப்பவருக்கு அது ஒழுங்கான சிதறல் அலை போலவே தெரியும். மிக நெருக்கமான தோராயமாக அதை உருவாக்கிவிடலாம். z வெளியே இருந்தால் நிலைமை வேறு. பொருளுக்கு வெளியே உண்மையான சிதறல் அலை எங்கும் முடிவிலிக்குப் போவதில்லை. ஒலிமூலத்தின் அலையோ z-இல் போகிறது. தூரப்புலம் ஒன்றாக இருந்தால் வெளியே அலையும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது 1943-இல் ரெல்லிச் நிறுவிய துணைத்தேற்றத்தின் விளைவு. ஆக, முரண்பாடு. துல்லியமாகப் பொருத்த முடியாது. நெருங்கப் பார்த்தால் g-யின் அளவு கட்டுக்கடங்காமல் ஊதிப்போகும். உள்ளேயிருந்து z எல்லையை நெருங்கினாலும் அப்படித்தான்.

அவ்வளவுதான் முறை. பொருள் இருக்கக்கூடிய பரப்பு முழுவதும் கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த நேரியல் சமன்பாட்டை டிகொனோவ் முறையில் (g தேவையின்றிப் பெரிதாகாமல் கட்டுப்படுத்தும் முறை) ஒழுங்குபடுத்தித் தீர்வு காணுங்கள். g சிறியதாக வந்த இடம் உள்ளே, பெரியதாக வந்த இடம் வெளியே. உதாரணத்துக்கு 32 திசையில் அனுப்பி 32 திசையில் அளந்தால் 1,024 எண்கள் கொண்ட ஓர் அணி. அதை ஒரே ஒருமுறை பிரித்து வைத்துக்கொண்டால் 10,000 புள்ளிகளுக்கும் அதே பிரிப்பு பயன்படும். எத்தனை பொருள் என்று முன்பே தெரியவேண்டாம். உலோகமா, தசையா, பிளாஸ்டிக்கா என்பதும் வேண்டாம். முதல் ஊகம் வேண்டாம். தோராய அனுமானமும் வேண்டாம்.

விலையும் இருக்கிறது. உருவம் கிடைக்கும், உட்பண்பு கிடைக்காது. தரவு நிறைய வேண்டும். ஒரு திசையிலிருந்து மட்டும் பார்த்தால் போதாது. முறையை எளிது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த இரண்டாவது விலையை மறந்துவிடுகிறார்கள்.

கேட்ட கேள்வியை அவர் எப்படிச் சுருக்கினார் என்பதைக் கவனியுங்கள். 'இது என்ன?' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'இந்தப் புள்ளி உள்ளேயா வெளியேயா?' என்று மட்டும் கேட்டார். கேள்வி சிறிதானதும் கணக்கு நேரியல் ஆகிவிட்டது. தோராயம் எதுவும் சேர்க்காமலே ஆகிவிட்டது என்பதுதான் ஆச்சரியம். கடினமான கணக்கை எளிதாக்க இயற்பியலை வெட்டிச் சுருக்குவது வழக்கம். அவர் இயற்பியலில் கைவைக்காமல் விடையின் அளவைச் சுருக்கினார்.

ஓட்டை

முறை நடைமுறையில் நன்றாக ஓடியது. ஆனால் தேற்றத்தைக் கூர்ந்து படித்தால் ஓர் இடைவெளி தெரியும். உள்ளே இருக்கும் z-க்கு ஒரு நல்ல g இருக்கிறது என்று தேற்றம் சொல்கிறது. டிகொனோவ் முறை கண்டுபிடிப்பது அந்த g-தான் என்று அது சொல்லவில்லை. இருப்பது ஒன்று, கணினி கொண்டுவருவது இன்னொன்றாக இருந்தால்?

இதை மூடிமறைக்காமல் எல்லோரும் வெளிப்படையாக எழுதினார்கள், அது இந்தச் சமூகத்தின் சிறப்பு. இணையாசிரியரான கிர்ஷ் 1998-இல் காரணிப்படுத்தல் முறையைக் கொண்டுவந்தார். அதில் சமன்பாட்டின் இடப்பக்கச் செயலியை மாற்றியமைத்து, 'விடை உண்டு என்றால் z உள்ளே, இல்லை என்றால் வெளியே' என்று இரண்டு பக்கமும் அடைத்த தேற்றம் கிடைத்தது. ஆனால் எல்லா வகைப் பொருளுக்கும் அது பொருந்தாது. 2004-இல் டில்மன் ஆரென்ஸ், காரணிப்படுத்தல் செல்லுபடியாகும் இடங்களில் பழைய முறையும் ஏன் சரியாக ஓடுகிறது என்று விளக்கினார். 2014-இல் லோரென்ஸோ ஓடிபெரும் ஹூசெம் ஹத்தாரும் பொதுமைப்படுத்திய வடிவம் ஒன்றைக் கொடுத்து இடைவெளியை அடைத்தார்கள். பதினெட்டு ஆண்டு. அதுவரை முறையைப் பயன்படுத்துவதை யாரும் நிறுத்தவில்லை. ஓட்டை இருக்கிறது என்று சொல்வதையும் நிறுத்தவில்லை.

விலக்கிவைத்த அதிர்வெண்கள்

இன்னொரு ஓட்டையின் கதை இதைவிடச் சுவையானது. அலை உள்ளே புகக்கூடிய பொருளுக்கு, சில அதிர்வெண்களில் மேலே சொன்ன வாதம் நொறுங்கிவிடலாம். அந்த அதிர்வெண்களில் பொருளுக்குள்ளே இரண்டு அலைகள் இருக்கும்; ஒன்று பொருளின் சமன்பாட்டுக்கு உட்படும், மற்றது வெற்றுவெளியின் சமன்பாட்டுக்கு உட்படும், எல்லையில் இரண்டின் மதிப்பும் சாய்வும் ஒன்றாக இருக்கும். இவற்றை டிரான்ஸ்மிஷன் ஐகன் மதிப்புகள் என்கிறார்கள். உள்ளே இருக்கும் வெற்றுவெளி அலையை வெளியிலும் நீட்டிக்க முடிந்தால், அந்த அலையைப் பொருள்மேல் செலுத்தினால் சிதறலே இராது. பொருள் அங்கே இல்லாதது போல அலை கடந்து போய்விடும்.

1986-இல் கிர்ஷின் கட்டுரையிலும், 1988-இல் கோல்ட்டன், மங்க் கட்டுரையிலும் இந்த மதிப்புகள் தலைகாட்டின. அப்போது அவை வெறும் தொல்லை. 1989-இல் கோல்ட்டன், கிர்ஷ், லாஸ்ஸி பைவாரிந்தா மூவரும் அவை தனித்தனியாகச் சிதறிக்கிடப்பவை என்று காட்டினார்கள். அதாவது ஓர் அதிர்வெண் மாட்டிக்கொண்டால் சற்றே நகர்த்தினால் தப்பிவிடலாம். அதோடு நிம்மதி. கோளச் சமச்சீர் கொண்ட பொருளைத் தாண்டிப் பொதுவாக அப்படிப்பட்ட மதிப்பு ஒன்றாவது இருக்கிறதா என்ற கேள்விக்கே ஏறக்குறைய இருபது ஆண்டு விடை கிடைக்கவில்லை. தவிர்க்கவேண்டிய ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று தேட யாருக்கு அவசரம்?

2007-இல் நிலைமை தலைகீழானது. அல்பேனியாவில் பிறந்து டெலவேரில் கோல்ட்டனோடு இணைந்த ஃபியோரால்பா ககோனி, கோல்ட்டன், மங்க் மூவரும், இந்த மதிப்புகளைத் தூரப்புலத் தரவிலிருந்தே கண்டெடுத்து, பொருளின் ஒளிவிலகல் எண்ணை மதிப்பிடலாம் என்று எழுதினார்கள். z-ஐ உள்ளே நிறுத்திவிட்டு அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால், டிரான்ஸ்மிஷன் ஐகன் மதிப்பு வரும் இடத்தில் g ஊதிப்போகும். வரைபடத்தில் அது கூரான முகடாகத் தெரியும். முறை தோற்கிற இடமே ஓர் அளவீடு ஆனது. 2008-இல் பைவாரிந்தாவும் ஜான் சில்வெஸ்டரும், பொருளின் மாறுபாடு போதுமான அளவு பெரிதாக இருந்தால் அவை இருக்கத்தான் செய்கின்றன என்று நிறுவினார்கள். 2010-இல் ககோனி, கிண்டிடிஸ், ஹத்தார் மூவரும் அந்த நிபந்தனையையும் நீக்கி, எண்ணற்றவை இருக்கின்றன என்று காட்டினார்கள்.

எவ்வளவு பயன்? ஒரு சோதனைக் கணக்கைப் பார்க்கலாம். அரை அலகு ஆரமுள்ள வட்டத்தட்டு, அதற்குள் n = 16 (இந்தத் துறையில் n என்பது அலைவேகங்களின் விகிதத்தின் வர்க்கம்; ஆக உள்ளே அலை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் போகிறது). முதல் டிரான்ஸ்மிஷன் ஐகன் மதிப்பு k = 1.988 என்று பெசல் சார்புகளை வைத்துக் கண்டுகொள்ளலாம். கோல்ட்டன், பைவாரிந்தா, சில்வெஸ்டர் மூவரும் 2007-இல் கொடுத்த சமனின்மைப்படி, n-இன் உச்சமதிப்பு, தட்டின் முதல் டிரிச்லே ஐகன் மதிப்பை (விளிம்பில் பூஜ்யமாகும் அலைகளில் மிகத் தாழ்ந்ததைக் குறிக்கும் எண்) k-யின் வர்க்கத்தால் வகுத்து வருவதைவிடக் குறையாது. தட்டுக்கு அது 23.13, வகுத்தால் 5.85. உண்மை 16, சமனின்மை சொல்வது 'குறைந்தது 5.85'. சரியான விடை, ஆனால் தொலைவில் நிற்கும் விடை. n மாறிலி என்று வைத்துக்கொண்டு, அளந்த k-யைத் தருகிற n எது என்று தேடினால் இதைவிட மிக நெருங்கலாம். பிற்பாடு வந்த கட்டுரைகள் அந்த வழியில் போயின.

இங்கே 1996-இல் விட்டுக்கொடுத்தது கொஞ்சம் திரும்பக் கிடைத்ததைப் பாருங்கள். 'என்ன?' என்ற கேள்வியைக் கைவிட்டுத்தான் 'எங்கே?' என்பதற்கு விடை வாங்கினார். பத்தாண்டு கழித்து, 'எங்கே' என்ற விடையை வைத்துக்கொண்டே, ஒரே ஓர் எண்ணின் அளவுக்கு, 'என்ன' என்பதையும் தொட்டார்.

இப்போது

2019-இல் வந்த நான்காம் பதிப்பில் டிரான்ஸ்மிஷன் ஐகன் மதிப்புகளுக்கு ஒரு முழு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் இவற்றுக்கு இரண்டு பெரிய குறை உண்டு. அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போக முடியவேண்டும். பொருள் அலையை உறிஞ்சினால் மெய்யெண் மதிப்புகளே கிடைக்காது. உயிருள்ள திசு உறிஞ்சத்தான் செய்யும். 2016-இல் ககோனி, கோல்ட்டன், ஷிசு மெங், மங்க் நால்வரும் இதற்கு வேறொரு வழி சொன்னார்கள். அளந்த தூரப்புலத்திலிருந்து, நாமே கற்பனையாக வைத்துக்கொண்ட ஒரு துணைப் பொருளின் தூரப்புலத்தைக் கழித்துவிட்டு, அந்தத் துணைப் பொருளின் எல்லையில் அலை எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் குறிக்கும் எண்ணை மாற்றிக்கொண்டே போவது. அதிர்வெண் ஒன்றே போதும். அந்த எண்ணின் சில மதிப்புகளில் முகடுகள் வரும்; அவற்றை ஸ்டெக்லாஃப் ஐகன் மதிப்புகள் என்கிறார்கள். அப்போது கோல்ட்டனுக்கு 73 வயது. அளந்த தரவை மாற்ற முடியாது, ஆனால் அதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது என்ற இந்த யோசனை, 1996 கட்டுரையின் அதே மனப்பாங்கிலிருந்து வருவது.

சிதறலே இல்லாமல் கடந்துபோகும் அலை பற்றியும் தெளிவு வந்திருக்கிறது. 2014-இல் எமிலியா பிளாஸ்டன், பைவாரிந்தா, சில்வெஸ்டர் மூவரும், செங்கோண மூலை உள்ள பொருள்கள், ஐகன் மதிப்பிலேயே நின்றாலும், எந்த அலையையும் ஓரளவாவது சிதறடித்தே தீரும் என்று காட்டினார்கள்.

1983-இன் அந்த ஒற்றை அலைக் கேள்வி மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பலகோண வடிவத் தடைகளுக்கு 2000-களில் விடை கிடைத்தது: ஒரே அலை போதும். வளைவான, பொதுவான தடைக்கு, அளவு பற்றி முன்தகவல் எதுவும் இல்லாமல், ஒரே அலையின் தூரப்புலம் உருவத்தைத் தீர்மானிக்குமா? போதும் என்றுதான் பலர் நம்புகிறார்கள். நிறுவல் இல்லை. மூலச்சமன்பாடு ஒன்று, தரவு ஒன்று, இளநிலை மாணவருக்கும் சொல்லிப் புரியவைக்கக்கூடிய கேள்வி. ரெல்லிச்சின் துணைத்தேற்றத்தையும் டிரிச்லே ஐகன் மதிப்புகளையும் படித்தவர் யாரும் இதில் கைவைத்துப் பார்க்கலாம்.